கடல்பக்கத்துக் கை

எங்கள் பள்ளி பேண்டு குழுவில் பெரிய மேளம் எனக்குக் கிடைத்ததற்கு என் இசையறிவு காரணமில்லை. அதைத் தூக்க வேறு ஆள் இல்லை.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. வாரத்துக்கு ஒரு பீரியட் பாட்டு வகுப்பு உண்டு. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளை அழுத்தினாலும் சத்தம் வராது. பாட்டு டீச்சர் ஸரிகம சொல்லிக்கொண்டே வரும்போது அந்த இரண்டு இடங்களிலும் தன் குரலை உயர்த்தி ஓட்டையை அடைப்பார். அதுதான் சங்கீதத்தின் முறை என்று நினைத்து, நாங்கள் அறுபது பேரும் அந்த இரண்டு இடங்களில் மட்டும் கத்துவோம்.

அந்த வருஷம் பள்ளி திறந்ததும் யாரோ ஒருவர் பேண்டு செட் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார். சின்ன மேளங்கள் ஆறு, தாளத்தட்டு இரண்டு ஜோடி, புல்லாங்குழல்கள், வாயில் வைத்தால் களிம்பு வாடை அடிக்கும் பியூகிள் ஊதுகொம்பு ஒன்று, பிறகு பெரிய மேளம். டீச்சர் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவராம். அந்த அனுபவம் போதும் என்று தலைமையாசிரியை முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து பாட்டு டீச்சரே பேண்டு டீச்சரும் ஆனார்.

பெரிய மேளத்தின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொடிக்கம்பம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பதுதான் பரீட்சை. ஒருத்தி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தியின் அம்மா மறுநாள் வந்து, வயசுப் பெண் வயிற்றில் இவ்வளவு பாரம் சுமக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். என் முறை வந்தது. எங்கள் அம்மா மீன் விற்பவர். மூன்றாம் வகுப்பிலிருந்தே துறைமுகத்துக்கு அவரோடு போய் ஐஸ் பெட்டிக்கு ஒரு பக்கம் கை கொடுத்திருக்கிறேன். கொடிக்கம்பம் வரை போனேன், திரும்பி வந்தேன், இன்னொரு தடவை போகட்டுமா டீச்சர் என்று கேட்டேன். மேளம் என்னுடையதானது.

குருசுக்குப்பத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை எங்கே எழுதினாலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுதுவேன். அதனால் பள்ளியிலிருந்து நான் கொண்டுவரும் எந்தச் செய்தியும் எங்கள் வீட்டில் சாதாரணமாகக் கடந்து போகாது. மேளச் செய்தியைக் கேட்டதும் சித்தப்பா வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை எண்ணுவதை நிறுத்தினார்.

“படிக்க அனுப்சா மேளம் அடிக்க உடறாங்களா? கோயிலுக்கா, சாவுக்கா?”

நைனா, அதாவது என் அப்பா, சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். “அது கெவர்மெண்டு மேளம்டா. நீ அடிக்க முடியுமா?”

சித்தப்பா குண்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். அம்மா மட்டும் கெவர்மெண்டு மேளத்துக்குச் சாப்பாடு தருவார்களா என்று கேட்டார்.

மேளத்தைச் சுமப்பது எனக்கு எளிது. அடிப்பதில்தான் சிக்கல். அதற்கு இரண்டு பக்கமும் தோல். இரண்டு கையிலும் பஞ்சு உருண்டை கட்டிய குச்சி. லெஃப்ட் கால் தரையில் படும்போது லெஃப்ட் கையால் ஓங்கி ஒரு அடி, ரைட் காலுக்கு ரைட் கையால் மெதுவாக ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை. ஆனால் பெரிய அடி விழும்போதுதான் குழுவில் உள்ள இருபத்துநாலு பேரும், பின்னால் வரும் மாணவிகளும் லெஃப்ட் காலை ஊன்றுவார்கள். என் கை தப்பினால் எல்லோர் காலும் தப்பும்.

எனக்கோ லெஃப்ட் எது என்று தெரியாது. எட்டாம் வகுப்பில் இது தெரியாதா என்று கேட்கலாம். நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. எல்லாப் பிள்ளைகளுக்கும் சோத்தாங்கை, பீச்சாங்கை என்று சொல்லிக்கொடுத்தால் முடிந்தது. எனக்குச் சோறு தானாக இடது கைக்குத்தான் போகும். அம்மா அந்தக் கையில் ஒன்று போட்டால் வலது கைக்குப் போகும். அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் பழையபடி இடது கைக்கு வந்துவிடும். ஆக, எனக்குச் சோத்தாங்கை எது என்பது அம்மா எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இதை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் “லெஃப்ட்” என்று கத்தினால் பக்கத்தில் இருப்பவளின் காலைப் பார்த்துச் சமாளிப்பேன். பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்ட பிறகு பக்கத்துக் காலும் தெரியவில்லை, என் காலும் தெரியவில்லை. தோலும் வளையமும்தான் தெரிந்தன.

முதல் வாரம் தினமும் திட்டு. டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் அரசுப் பள்ளி பேண்டு ஒன்று கடற்கரைச் சாலை அணிவகுப்பில் போவது அதுதான் முதல் முறை என்றும், பெரிய தனியார் பள்ளிகளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் சொல்லிச் சொல்லி அவருக்கே பயம் பிடித்திருந்தது. “சுதந்திர தினத்தன்னிக்கு ஒரு அடி மாறிச்சு, மேளம் கை மாறிடும்” என்று என்னிடம் சொன்னார். கை மாறுவதற்கு, பரீட்சை நாளில் லீவில் இருந்த ஒன்பதாம் வகுப்பு உயரமான அக்கா ஒருவர் தயாராக இருந்தார். பயிற்சியின்போது என் பின்னாலேயே நின்று காற்றில் அடித்துப் பார்த்துக்கொள்வார்.

என்னைக் காப்பாற்றியது நைனாதான். ஒரு நாள் சாயங்காலம் பள்ளி மதிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று எங்கள் பயிற்சியைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நான் எதற்கு அழுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

“இதுக்கா அழுவற? டீச்சரம்மா அடிச்சுக் காட்டறப்ப பெரிய அடி எப்பவும் கடப்பக்கத்துல உழுது பாப்பா. நான் எண்ணிப் பார்த்தேன். கடப்பக்கத்துக் கை, கடப்பக்கத்துக் கால். அவ்ளோதான்.”

எனக்கு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எங்கள் குப்பத்தில் எதையும் அப்படித்தான் சொல்வோம். கடல்பக்கத்துக் கதவைச் சாத்து. ஊர்ப்பக்கமாகப் படு. நைனாவுக்குக் கடல்பக்கத்துக் கடைவாய்ப் பல்லில் வலி என்று அம்மா மருந்துக் கடையில் சொல்லி, கடைக்காரர் திருதிருவென்று விழித்ததும் உண்டு. கண்ணைக் கட்டி எங்கே விட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று காற்றை வைத்தே சொல்லிவிடுவேன்.

மறுநாளிலிருந்து ஒரு அடி கூடத் தப்பவில்லை. எங்கள் மைதானம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் சந்து மாதிரி நீண்டு கிடக்கும். வடக்கு மதிலிலிருந்து தெற்கே இருக்கும் கொடிக்கம்பம் வரை வாசித்துக்கொண்டு போவோம். திரும்ப இடம் போதாது என்பதால், அங்கே கலைந்து ஓடி வந்து மறுபடி வடக்கு மதிலருகே வரிசையாவோம். இரண்டு மாதமும் தெற்கு நோக்கித்தான் நடந்தோம். கடல் எப்போதும் என் லெஃப்ட் பக்கத்திலேயே இருந்தது. டீச்சர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பு அக்கா காற்றில் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

சுதந்திர தினத்தன்று நைனா கடலுக்குப் போகவில்லை. சித்தப்பாவையும் போகவிடவில்லை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில் வந்தார். கடற்கரைச் சாலையில் கடலோர நடைபாதையில் கயிறு கட்டி, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் முன்வரிசையில் இடம்பிடித்து நின்றார்கள். நாங்கள் வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டை, தொப்பியில் கைவேலை டீச்சர் செய்துகொடுத்த காகிதக் குஞ்சம். எங்களைத் தெற்கிலிருந்து வடக்காக நடக்கச் சொன்னார்கள்.

விசில் ஊதியது. இரண்டு மாதப் பழக்கத்தில் கை தானாக அடித்தது. டம், தப். டம், தப். புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. பின்னால் எங்கள் பள்ளியின் அறுபது மாணவிகளும் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு பள்ளியும் என் அடிக்கு நடந்தார்கள். முதல் நூறு அடி வரை யாரும் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அப்போதுதான் நைனாவைப் பார்த்தேன். கயிற்றுக்கு மேலே பாதி உடம்பைச் சாய்த்து, முகமெல்லாம் பதற்றமாக, தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். அலைச்சத்தத்தில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பேண்டுச் சத்தத்தைத் தாண்டி என் காதுக்கு வந்தது.

“பாப்பா, கடப்பக்கம். கடப்பக்கம்.”

நான் பார்த்தேன். கடல் என்னுடைய மறுபக்கத்தில் இருந்தது. பெரிய அடி ஊர்ப்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. எப்படி இவ்வளவு பெரிய தப்பைச் செய்தேன் என்றே புரியவில்லை. நல்லவேளை நைனா வந்தார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு அடியை விழுங்கி, கடல்பக்கத்துக் கைக்கு மாற்றி, பலமெல்லாம் சேர்த்து அடித்தேன்.

முதலில் தாளத்தட்டுக்காரி ஒரு குதி குதித்துக் காலை மாற்றினாள். பிறகு சின்ன மேளக்காரிகள் ஆறு பேரும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். புல்லாங்குழல் நடுவில் விக்கியது. பின்னால் அறுபது பேரும் சுடுமணலில் நடக்கிறவர்கள் மாதிரி துள்ளும் சத்தம் கேட்டது. சிலர் மாறினார்கள். சிலர் மாறிவிட்டு, சந்தேகப்பட்டு, மறுபடி மாறினார்கள். பக்கவாட்டில் நடந்த டீச்சர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. கூட்டம் கைதட்டியது. சித்தப்பா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். நான் நிமிர்ந்து நடந்தேன். அணிவகுப்பு மரியாதை ஏற்கிற மேடையைக் கடக்கும்போது எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஒரு காலிலும் மறு பாதி இன்னொரு காலிலும் போய்க்கொண்டிருந்ததாம். பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அணிவகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு மரத்தடியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் கொண்டாட்டம். “இவ கைய மாத்துனா, ஊரே கால மாத்துச்சு” என்று சித்தப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். சரியான நேரத்தில் சொன்னோம் என்ற நிம்மதி நைனாவின் முகத்தில் இருந்தது. அன்று அம்மா வஞ்சிரம் குழம்பு வைத்தார். நான் எந்தக் கையால் சாப்பிட்டேன் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் டீச்சர் என்னைப் பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எந்தக் காலுக்கு அடிச்ச?”

“லெஃப்ட் கால் டீச்சர்.”

“எது லெஃப்ட்? காட்டு.”

அந்த அறையின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. காற்று இல்லை. நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் கேட்டேன்.

“இங்க கடல் எந்தப் பக்கம் டீச்சர்?”

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். நைனா சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நைனா சொன்னது தப்பாக இருக்க முடியாது என்று உறுதியாக நம்பினேன். அதே சமயம், அதைச் சொன்னால் அவருக்கு ஏதோ கெடுதல் வரும் என்றும் பயந்தேன். இரண்டும் எப்படி ஒரே மனதில் இருந்தன என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் மேளத்தின் வார் ஒன்பதாம் வகுப்பு அக்காவின் கழுத்துக்குப் போயிற்று.

நாலு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் நாள் நைனா காரணம் கேட்டார். மேளம் கனமாக இருக்கிறது, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

“ஐஸ் பொட்டி தூக்கறவளுக்கு மேளம் கனக்குதாமா?” என்றார் அம்மா.

நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பள்ளி வாசலில் அவரைக் கண்டேன். சித்தப்பாவின் முழுக்கால்சட்டை போட்டிருந்தார். நைனாவை நான் முழுக்கால்சட்டையில் பார்த்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். வாட்ச்மேன் விசாரித்து உள்ளே விட்டார். வராந்தாவில் பாட்டு டீச்சர் வந்து நின்றார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

தொலைவிலிருந்து பார்த்ததில் நைனா சண்டை போடுகிறாரா, கெஞ்சுகிறாரா என்று தெரியவில்லை. முதலில் கிழக்கே கை காட்டினார். காலைத் தரையில் ஊன்றிக் காட்டினார். பிறகு அப்படியே திரும்பி நின்று, மறுபடி கிழக்கே கை காட்டி, இன்னொரு காலை ஊன்றினார். தன் நெஞ்சில் இரண்டு மூன்று தடவை தட்டிக்கொண்டார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாருடி அந்த ஆளு? டான்ஸ் ஆடறாரு” என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

“தெரியல” என்றேன்.

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இன்று நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். எந்தக் கை, எந்தக் கால் என்று படத்தில் தெரிவதற்காக ஈயத்தில் செய்த L அல்லது R எழுத்தை ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு தடவை கூட இடம் மாற்றி வைத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த ஒரு “தெரியல”வை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் டீச்சர் மேளத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஏன் பிடுங்கினார் என்பது அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது. ஏன் கொடுத்தார் என்பது சுத்தமாகப் புரியவில்லை. தன் மேஜையிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒன்றை எடுத்து என் இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். “இனிமே கடலைப் பாக்காத. இதைப் பாரு” என்றார். பிறகு, நான் நன்றாகப் படிக்க வேண்டும் என்று எதற்காகவோ சொன்னார். ஒன்பதாம் வகுப்பு அக்காவுக்குத் தாளத்தட்டு கிடைத்தது. அதை அவர் என் காதுக்குப் பக்கத்திலேயே அடித்துப் பழி தீர்த்துக்கொண்டார்.

அன்று வீட்டில் நைனா என் மணிக்கட்டைப் பார்த்தார். பள்ளிக்கு வந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

“இந்தக் கையா?” என்று கேட்டார்.

“ஆமா நைனா.”

“எந்தத் தெசையில போனாலும் இதே கைதானா?”

“டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க.”

ரிப்பனை விரலால் தொட்டுப் பார்த்தார். “திரும்பிப் போனாலுமா?” என்று இன்னொரு தடவை கேட்டார். எனக்கு வீட்டுப்பாடம் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவருடைய இடது மணிக்கட்டில் பச்சை வலைநூல் கட்டியிருந்ததைக் கவனித்தேன். வலை இழுப்பவர்களுக்குக் கை சுளுக்கிக்கொண்டால் நூல் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான்.

“கை சுளுக்கா நைனா?”

“ஆமா பாப்பா” என்றார்.

நவம்பர் ஒன்றாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரி விடுபட்ட விடுதலை நாள் அணிவகுப்பு. முந்தின நாள் வரை பெய்த மழை விட்டிருந்தது. மறுபடி அதே கடற்கரைச் சாலை, அதே தெற்கிலிருந்து வடக்கு. விசில் ஊதியதும் நான் ரிப்பனைப் பார்த்தேன். டம், தப். டம், தப். கடல் என் வலப்பக்கத்தில் கிடந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

நைனா போன தடவை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை ஒன்றும் கத்தவில்லை. பக்கத்தில் சித்தப்பா விசிலடிக்க வாயில் விரல் வைத்தபோது, சும்மா இரு என்று சைகை செய்தார். நூல் கட்டிய கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையைப் பார்ப்பதும், என் மேளத்தைப் பார்ப்பதும், மறுபடி அந்தக் கையைப் பார்ப்பதுமாக இருந்தார். நாங்கள் கடந்து போகிற வரை அதைக் கீழே இறக்கவே இல்லை.

இரண்டு மாதமாகியும் சுளுக்கு விடவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த அடியை ஓங்கி அடித்தேன்.